வெப்பக் கணக்கு

விசா ரத்தான பதினோராம் நாள்
ரொடெல் தன் கடலை எங்களிடம் விட்டுப் போனான்.
ஷார்ஜா, அபு ஷகாரா, நான்காம் மாடி.
லிஃப்டில் நுழையாத நான்கடிக் கண்ணாடித் தொட்டி,
மூடிய வாளிகளில் பவளங்கள்,
மேலே தொங்கவிட இரண்டு மெட்டல் ஹாலைடு விளக்கு,
ஒவ்வொன்றும் இருநூற்றைம்பது வாட்.
சூரியன் மாதிரி இருக்கும் என்றான்.
பொய்யில்லை.
ஹால் கூரையெங்கும் அலையின் நெளிகோடுகள் ஓடின.
கிளினிக்கிலிருந்து வந்த ஷமீமா
செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணாந்து நின்றாள்.

எனக்கு வேலை ஏசி.
அறையை அளந்து எத்தனை டன் என்று சொல்கிறவன்.
என் வீட்டில் நடப்பது எனக்கே தெரியாமலா?
விளக்கு தண்ணீரைச் சுட,
சில்லர் அந்தச் சூட்டை வாங்கி ஹாலில் கொட்ட,
ஏசி அதை அள்ளி ஜன்னலுக்கு வெளியே வீச,
வெளியே ஜூலை.
நாற்பத்தாறு டிகிரி.
வீசியதை வாங்கிக்கொள்ள அங்கே இடமில்லை.

"ஒரு வெயிலை உள்ளே வளர்த்துக்கிட்டு
இன்னொரு வெயிலோட சண்டை போடுறோம்" என்றாள் ஷமீமா,
கரண்ட் பில் வந்த போனை
என் மூக்குக்கு நேரே பிடித்தபடி.

கொட்டேஷன் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்.
பழைய விளக்கு, சோக்கையும் சேர்த்து ஐந்நூற்று அறுபது வாட்,
நாளுக்கு ஒன்பது மணி நேரம்,
மாதம் நூற்றைம்பது யூனிட்.
எல்ஈடி என்றால் ஐம்பதுக்குள்.
வெளிச்சமென்று நாம் வாங்குவதெல்லாம்
கடைசியில் சூடுதான்.
எவ்வளவு நேரம் வெளிச்சமாக இருந்துவிட்டுப் போகிறது
என்பதற்குத்தான் காசு.

மீன் கடைக்கு லக்ஸ் மீட்டரோடு போனேன்.
கடைக்காரர் சிரித்தார்.
"அது மனுஷன் கண்ணுக்கான மீட்டர்.
பவளத்துக்குக் கண் ஏது?
அது நீலத்தைத் தின்னும்."

வாங்கி வந்து நூறு சதவீதத்தில் வைத்தேன்.
மிச்சம் பிடிக்க வாங்கியவன்
காசு கொடுத்ததில் ஒரு சொட்டையும் விடுவானா?
ஹால் மொபைல் கடைபோல் ஆயிற்று.
ஆறாம் நாள்
பழுப்புப் பவளம் உப்புபோல் வெளுத்திருந்தது.

அந்தப் பழுப்பு பவளத்தின் நிறமில்லையாம்.
அதன் சதைக்குள் குடியிருக்கும் பாசிகளின் நிறம்.
வெளிச்சத்தைச் சமைத்து
வீட்டுக்காரனுக்குப் போடுவதே அவைதான்.
சூடோ வெளிச்சமோ மிஞ்சினால்
அவற்றை வெளியே தள்ளிவிடும்.
தள்ளிய பிறகு
வெள்ளையாய், அழகாய், பட்டினியாய் நிற்கும்.
இதைப் படித்த இரவு
நாங்கள் ரொடெலைப் பற்றி எதுவும் பேசவில்லை.

ஷமீமா முப்பதுக்கு இறக்கினாள்.
மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு சதவீதம்.
மளிகைக்கடை காலண்டரில்
தேதிகளுக்கு மேல் அவள் பேனா ஏறிக்கொண்டே போனது:
முப்பத்திரண்டு, முப்பத்து நான்கு.
டைமரையும் மாற்றினாள்.
பகலில் இங்கே யார் இருக்கிறார்கள்?
எங்கள் கடலில் விடிவது மாலை நாலரைக்கு.
அஸ்தமனம் நள்ளிரவு தாண்டி ஒன்றரை.

ஐம்பத்தெட்டில்
ஓரமாய் ஒரு கோடு பழுப்பு திரும்பியது.
காட்டலாமென்று ரொடெலுக்கு வீடியோ போட்டோம்.
இலோய்லோவில் நல்ல மழை.
பவளத்தைப் பார்த்தான், தலையாட்டினான்.
"கூரையில் அந்தக் கோடுகள் எங்கே?" என்றான்.

கட்டிலுக்கடியிலிருந்து பழையதை இழுத்து மாட்டினேன்.
மெல்லச் சூடேறி,
பச்சையிலிருந்து வெள்ளைக்கு வந்து,
கூரை அசையத் தொடங்கியது.
போனை மேல்நோக்கிப் பிடித்தாள் ஷமீமா.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பன்னிரண்டாம் நிமிடம் சில்லர் உறுமியது.
அணைத்தேன்.
அதே நேரம் லைனும் அறுந்தது.

திரும்ப அழைத்தான். இன்னொரு முறை, என்றான்.
சூட்டில் எரியாது, ஆறினால்தான், என்றேன்.
"தெரியும். என் விளக்கு" என்றவன்
போனை வைக்கவில்லை.
நீல வெளிச்சத்தில் நாங்கள் இருவரும்,
மழைச் சத்தத்தில் அவனும்,
அது ஆறுவதற்காக உட்கார்ந்திருந்தோம்.