பூ விழுந்தவன்

பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறார்கள்.
இந்தமுறை ஒரு பெண், பெயர் மாரிபெத்.
காலணியில் ஒட்டிய சாலை உப்பை
வாசலில் தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.
மடியில் டேப்லெட்.
கடைசியில் ஐம்பது டாலர் அட்டை தருவாள்,
போனமுறை இருபத்தைந்து.
விலைவாசி என் வாழ்க்கைக்கும் ஏறியிருக்கிறது.

பெயர் ஓடெல் ப்ரூயிட். வயது ஐம்பத்தொன்பது.
ஊர் சாகினா, மிச்சிகன், ஆற்றுக்குக் கிழக்கே.
பள்ளிப்படிப்பை முடித்தீர்களா?
இல்லை. பதினோராம் வகுப்பில் நின்றேன்,
ஒரு மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை.
செவ்வாய்க்கிழமையைக் குறித்துக்கொள்ள
அவளிடம் கட்டம் இல்லை.

நீங்கள் எந்தக் குழு என்று எனக்குத் தெரியாது,
தெரியவும் கூடாது, என்றாள்.
எனக்குத் தெரியும், என்றேன்.
யாரோ ஒருவர் மேசையருகே நின்று
நாணயத்தைச் சுண்டியிருக்கிறார்.
தலை என்றால் பாலர் வகுப்பு.
பூ என்றால் வீடு.
எனக்கு மூன்று வயது.
எனக்குப் பூ.

எதிர்வீட்டு வெர்லீனுக்குத் தலை.
எட்டரை மணிக்கு வேன் வரும்.
சன்னலில் மூக்கை அழுத்தி
அது திரும்பும்வரை பார்த்து நிற்பேன்
என்று சொன்னால் பொய்.
தூங்கிக்கொண்டிருப்பேன்.
இரவுப்பணி முடிந்த அம்மா
கோட்டைக்கூடக் கழற்றாமல்
பக்கத்தில் படுத்திருப்பாள்.

மூன்றாம் வகுப்பில் வெர்லீனுக்கும் எனக்கும்
ஒரே மதிப்பெண்.
பேராசிரியர்கள் கையைப் பிசைந்தார்களாம்:
போட்ட பணமெல்லாம்
ஆற்றில் கரைத்த புளி.
நானும் அப்படியே நம்பியிருப்பேன்,
வார்ப்பாலைக்கு வேலைக்குப் போகாதிருந்தால்.

உருகிய இரும்பில் ஒரு சிட்டிகை மக்னீசியம் போடுவோம்.
கண்ணைப் பறிக்கும் ஒரு வெள்ளை வெளிச்சம்,
உடனே அடங்கிவிடும்.
ஆறிய பிறகு
போட்டதும் போடாததும் ஒரே நிறம், ஒரே எடை,
தடவிப் பார்த்தால் ஒரே சொரசொரப்பு.
சுத்தியலால் தட்ட வேண்டும்.
ஒன்று கணீரென்னும்.
ஒன்று தொப்பென்னும்.

வெர்லீனைத் தட்டியது பதினேழு வயதில்.
வயிற்றில் பிள்ளை, வீட்டில் சண்டை.
அவள் பிள்ளையோடு போய்ப் பரீட்சை எழுதினாள்,
தாதிப் படிப்புக்குப் போனாள்,
இன்று அவள் வீட்டுக் கடன் அடைந்துவிட்டது.
என்னைத் தட்டியதும் அந்த வயதில்தான்.
அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஆனால் மாரிபெத், இதையும் கேள்.
தலை விழுந்த லோனி ஸ்டப்ஸ் சிறையில் செத்தான்.
பூ விழுந்த யூலா கிரிம்ஸ்
கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள்.
உங்கள் கோடு எங்கள் எல்லோர் நடுவிலும் போகிறது,
யார் வீட்டு வாசலையும் தொடாமல்.
இன்னொன்று:
அந்தத் தொப்பென்னும் சாம்பல் இரும்பில்தான்
எஞ்சின்களை வார்க்கிறோம்.
நடுக்கத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ள
அதற்குத்தான் தெரியும்.

அவள் சிரிக்கவில்லை. தட்டச்சவும் இல்லை.
காபி ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு சாவு வீட்டில் வெர்லீனிடம் கேட்டேன்,
அந்த வேன் உங்களை எங்கேதான் கொண்டுபோயிற்று,
அங்கே என்னதான் கொடுத்தார்கள்?
அவள் ரொம்ப நேரம் யோசித்தாள்.
ஆரஞ்சுப் பழம். மரக்கட்டைகள்.
அப்புறம் தினமும் காலையில் டீச்சர்
எங்கள் உயரத்துக்குக் குனிந்து கேட்பார்:
இன்றைக்கு நீ என்ன செய்யப்போகிறாய்?

அவ்வளவுதானா என்றேன்.
அவ்வளவுதான் என்றாள்.

அந்தக் கேள்வியை
என்னிடம் முதன்முதலில் கேட்டவர் ஒரு நீதிபதி.
எனக்கு இருபத்தாறு வயது.
இனி என்ன செய்யப்போகிறாய், மிஸ்டர் ப்ரூயிட்?
பதில் தெரியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன்,
வேறு யாரையோ கேட்கிறார் என்று.

என் மகள் தன் பையனுக்கு மனுப் போட்டிருக்கிறாள்.
காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்தொன்று.
வாராவாரம் நான்தான் போன் செய்கிறேன்.
நேற்று முப்பத்தெட்டு.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா
என்பது கடைசிக் கேள்வி.
அந்த நாணயம் இப்போது யாரிடம், என்றேன்.
செலவாகியிருக்கும் என்றாள்.