பதினான்காம் சதுரம்

கோடியக்காட்டுக்கு மேற்கே, உப்பள வரப்பில்
படிவத்தை முழங்காலில் வைத்து எழுதுகிறேன்.
இடப்பக்கம் உமரி. வலப்பக்கம் பெரிய ஆலா.
இரண்டையும் ஏன் ஒரே தாளில் போட்டார்கள் என்று
சென்னையில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

முதல் கட்டத்திலேயே
ஒன்று தாவரம், ஒன்று விலங்கு.
பிரிந்தாயிற்று.
அதற்குப் பிறகும் வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம் என்று
பாகம் பிரித்து முடிந்த வீட்டில்
கரண்டிகளை எண்ணுவதுபோல்
எண்ணிக்கொண்டே போகிறது தாள்.
உமரி, தண்டுக்கீரைக்குச் சொந்தம்.
ஆலா, கடற்காகத்துக்கு.

கடைசியில் காப்பு நிலை.
ஆலாவுக்கு அச்சடித்தே வந்திருக்கிறது: 'கவலை குறைவு'.
காலில் வளையம், வளையத்தில் எண்,
எண்ணுக்கு எங்கோ ஒரு கணினி.
உமரிக்கு 'மதிப்பிடப்படவில்லை'.
ஆபத்து இல்லை என்று அர்த்தமல்ல.
இன்னும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பதினான்காம் சதுரத்தில்
சிவப்பு நூல் மட்டும் கிடக்கிறது.
நேற்று எண்ணிய முப்பத்தொரு தண்டும் மொட்டை.
"நாந்தான் கிள்ளுனேன்" என்கிறாள் தையநாயகி,
உப்பு வாரும் பலகையை நிறுத்தாமலே.
"ரெண்டு தண்ணி வடிச்சுக் கொட்டி,
பருப்புப் போட்டுக் கடைஞ்சேன்.
அப்பவும் உப்பு கொஞ்சம் தூக்கல்.
நூலு எதுக்குக் கட்டுனிய, திருஷ்டிக்கா?"

மாசி வெயில்.
வாய்க்காலில் தலைகுப்புற விழுந்த ஆலா
மடவை மீனோடு எழும்பி
எதிர் வரப்பில் இறங்கித் தலையை உதறுகிறது.
அலகு நுனியில் ஒரு சொட்டு.
குடித்த கடலை மூக்குவழி திருப்பிக் கொடுக்கிறது.

உமரி கொடுப்பதில்லை.
இலைக்குள் பூட்டி வைத்துச்
சிவந்து உதிரும்வரை சுமக்கிறது.
இதற்குக் கட்டம் இல்லை.
தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

மேட்டூரை மூடி ஒரு மாதம்.
இந்த வருஷமும் கடைமடைக்குத் தண்ணீர்
காகிதத்தில் வந்து சேர்ந்தது.
ஆறு வந்தால் உமரி ஒதுங்கும்,
வராவிட்டால் ஏறும்.
தலைஞாயிறு தாண்டி
சம்பா நிற்கவேண்டிய வயலில் அதைப் பார்த்தேன்,
கொழுகொழுவென்று.
வயல்காரர் அதை என்னவென்று மதிப்பிட்டார்
என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆலா போய்விட்டது.
அதன் எண்ணைப் படிக்கவில்லை நான்.

சதுரம் பதினான்கு: மாதிரி இல்லை, நூல் உள்ளது.
'மதிப்பிடப்படவில்லை'க்குப் பக்கத்தில்
அழிக்க வசதியாகப் பென்சிலால் எழுதுகிறேன்:
ஒருத்தி மதிப்பிட்டிருக்கிறாள்.
உப்பு கொஞ்சம் தூக்கலாம்.