பத்து நிமிடம், எதையும் அழுத்தாமல்

இருநூற்று எழுபத்தொன்பது வெள்ளி.
கையுறைத் தொழிற்சாலையில் நாலு ராத்திரி ஓ.டி.
பாடாங் செராயில் அசல் கிடைக்காது என்று
சுங்கைப் பட்டாணி வரை மோட்டாரில் போய்
மழைக்கோட்டுக்குள் அணைத்துக் கொண்டுவந்தேன்.
நான் நனைந்தேன், பெட்டி நனையவில்லை.

அட்டையில் அதே நட்சத்திர ஆமை.
ஹோஷிகாமே.
வாயில் நுழையாத வயதில்
நானும் கமலவேணியும் உங்களை
ஓசிச்சாமி என்போம்.
பொய்யும் இல்லை.
ஆ செங் கடையில் ஐந்து வெள்ளிக்கு வெள்ளைத்தட்டு,
மார்க்கர் பேனாவில் கிறுக்கிய எண்.
அந்த ஐந்தில் ஒரு சென்கூட
உங்கள் கைக்கு வந்திருக்காது.
இந்தக் கணக்கு எனக்கு மறக்கவில்லை.
அதைத் தீர்க்கத்தான் இருநூற்று எழுபத்தொன்பது.

மூன்றாவது ஆட்டத்தில்
வடகரைக் கலங்கரை விளக்கம்.
அங்கே என் படகுக்காரனை நிறுத்தியிருந்தபோது
லயத்தில் தண்ணீர் வந்துவிட்டதென்று
அம்மா கத்தினாள்.
கட்டையைத் தரையில் போட்டுவிட்டு
இரண்டு வாளி, ஒரு அண்டா.
திரும்பி வந்தால்
கடல் பிளந்து ஆமை மேலே வந்திருந்தது.
முதுகில் ஊர் அளவு வெளிச்சம்.
படகுக்காரனை ஒருதரம் பார்த்தது.
போய்விட்டது.

புள்ளி இல்லை. மணிச்சத்தம் இல்லை. கதவு ஏதும் திறக்கவில்லை.

கமலவேணி சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.
பத்து நிமிடம்.
எதையும் அழுத்தாமல் இருந்தால் வரும்.
விரல் பட்டால் வராது.

யாரோ ஒருத்தர்
உங்கள் ஊரில், வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல்,
ஒருவரும் காணமாட்டார்கள் என்று தெரிந்தே
அதைச் செய்து வைத்திருக்கிறார்.
ஓட்டை தேடி வெளிச்சத்தில் கையுறையை விரிக்கும்போது
அவரை நினைப்பேன்.
அவர் இப்போது அங்கே இல்லை.
உங்களை வாங்கியவர்கள்
முதலில் அந்த மாடியைத்தான் காலி செய்தார்களாம்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே தட்டு இல்லை.
ஒரு காகிதம், ஒரு எண்.
இறங்குவதற்கே மூன்று ராத்திரி ஆனது.
படகு தந்தீர்கள். துடுப்புக்குத் தனிக் காசு.
தெற்குக் கடலுக்கு முத்து வேண்டும்,
முத்து நூறு பதினைந்து வெள்ளி.
போகட்டும், விலைவாசி.
ஆனால் தினம் ஒருமுறை சுற்றச் சொல்லி
ஒரு சக்கரம் வைத்திருக்கிறீர்களே,
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
புதன், சனி, ஞாயிறு
நம்பர் எடுத்தே தேய்ந்தவர் என் அப்பா.
"ஒரு நம்பர்ல போச்சு" என்று
அவர் சீட்டைக் கசக்கும்போது கேட்கும் சத்தம் அது.
அதன்மேல் ஆமைப்படம் ஒட்ட
உங்களில் ஒருவருக்கும் கை கூசவில்லையா?

எதிரே தோட்டத்தை விற்று வீடு கட்டுகிறவர்கள்கூட
பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிக்
குப்பையில்தான் போட்டார்கள்.
அந்த அளவு மரியாதை.

நேற்று வடகரைக்குப் போனேன்.
விளக்கம் இருக்கிறது. பளபளவென்று இருக்கிறது.
படகுக்காரனை நிறுத்திவிட்டு
கட்டையைத் தரையில் வைத்தேன்.
கைகளைத் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டேன்.
நாலாவது நிமிடம் கடல் மங்கி எழுத்து வந்தது:
இன்னும் இருக்கிறீர்களா?
கீழே, இருபது விழுக்காடு கழிவில் முத்து.

இருக்கிறேன் என்று அழுத்தினேன்.
மறுபடி முதலிலிருந்து.
மறுபடி நாலாவது நிமிடம்,
இன்னும் இருக்கிறீர்களா?

கமலவேணி ஜொகூரில் இருக்கிறாள்,
விடிகாலை நாலு மணிக்குப் பாலம் தாண்டுகிறவள்.
வரிசையில் நின்றபடி ஒரே சொல் அனுப்பினாள்:
ஆமை?

வெளியே தொழிற்சாலை வேன் ஹாரன் அடிக்கிறது.
நோர்ஹயாத்தி என் பெயரை நீட்டிக் கூப்பிடுகிறாள்.
ஒரு காலில் சப்பாத்து மாட்டியபடியே எழுதினேன்,

இன்னும் பத்து நிமிஷம் ஆகல.