'நாங்கள்' என்று எழுதக் கூடாது

கையேட்டின் பதினோராம் பக்கத்தில் தடித்த எழுத்தில்:
நான் செய்தேன் என்று எழுதுக.
நாங்கள் செய்தோம் என்று எழுதினால்
உமது பங்கு எதுவென எமக்கு விளங்காது.

கிளிநொச்சி, கண்டி வீதி,
பிறேமினியின் கொமியூனிகேசன்.
பக்கம் இருபது ரூபாய்க்கு ஸ்கான்:
டிப்ளோமா, பெறுபேற்றுத் தாள்,
சமாதான நீதவான் முத்திரை குத்திய
இரண்டாந்தரம் எடுத்த பிறப்புப் பத்திரம்.
மூடியின் இடுக்கில் பச்சை வெளிச்சம்
என் பெயரின் கீழால் ஊர்ந்து போகிறது.

என் டிப்ளோமா அவர்களின் பட்டியலில் இல்லை.
ஆகவே ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும்
நானே சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.

உலகத்துப் பிரச்சினைகளை
அவர்கள் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.
சிக்கலானவை பொறியியலாளருக்கு.
நன்கு வரையறுத்தவை தொழில்நுட்பருக்கு.
இடையில்,
பரந்து வரையறுத்தவை எனக்கு.

மார்கழி, நாலாம் நாள் மழை, இரவு ஒன்றரை.
கொன்றைமடுக்குளத் துருசுக் கதவு
பாதி திறந்தபடி இறுகி நின்றது.
வாய்க்கால் கரை அரித்துக்கொண்டிருந்தது,
கீழே நூற்றிருபது ஏக்கர் நெல்.
எந்த வகைப் பிரச்சினை நான் என்று
தண்ணீர் வந்து கேட்கவில்லை.

சுழல்தண்டு எட்டு மில்லிமீற்றர் வளைந்திருந்தது.
நூலும் இரும்பு அடிமட்டமும் கொண்டு
அதை அளந்தது நான். சரி, அது என் 'நான்'.
கதவின் நடுவுக்கு மேலே ஒன்பதடித் தண்ணீர்,
மூன்றடிக்கு மூன்றடிக் கதவு,
இரண்டு தொன்னுக்கு மேலே அழுத்தம் என்று
பிஸ்கற் பெட்டி அட்டையில் கணக்குப் பார்த்ததும் நான்.

ரோர்ச் பிடித்தது
கமக்கார அமைப்புத் தலைவர் வல்லிபுரநாதன்.
இடுப்பில் கயிற்றோடு இறங்கிச் செத்தையை இழுத்தது
நீந்தத் தெரியாத இக்னேசியஸ்.
ஜாக்கி தந்தது உழவு இயந்திரப் பெடியன் ஒருவன்,
பெயர் கேட்க மறந்துபோனோம்.
கேட்க மறந்துபோனேன்.

முதல் வரைவில் பதினாலு பேர்.
இரண்டாவதில் ஐந்து.
அனுப்பியதில்
அந்த மழையில் குளக்கட்டில் நான் தனியே நிற்கிறேன்.
ரோர்ச் அந்தரத்தில் எரிகிறது.

ஆறாம் பகுதி: 2008 முதல் 2010 வரை இடைவெளி.
இருநூறு சொற்களுக்கு மேற்படாமல் விளக்குக.
எழுதினேன்: கல்வி நிறுவனம் இயங்கவில்லை.
மூன்று சொல்.
மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றேழையும்
அவர்களிடமே விட்டுவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து மின்னஞ்சல்.
தொழில்நுட்பவியலாளராக ஏற்கப்பட்டுள்ளீர்.
கடல் கடந்து எத்தனையோ நாட்டில்
இப்போது நான் அதுதான்.
ஒட்டுசுட்டான் பாதையில்
எங்கள் அலுவலகக் கதவுப் பலகையில் மட்டும்
இன்னும் தொழில்நுட்ப உதவியாளர்.
நான் வரைந்த புதுத் துருசின் வரைபடத்தில்
வலப்பக்க மூலைப் பெட்டி வெறுமையாய்க் கிடக்கிறது.
புதன்கிழமை வவுனியாவிலிருந்து பொறியியலாளர் வருவார்.
நல்ல மனிசன்.
விரித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்.

கடிதத்தை இக்னேசியசுக்குக் காட்டினேன்.
கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார்.
ஆங்கிலம். தலைகீழாய்ப் பிடித்திருந்தார்,
திருப்பிக் கொடுத்தேன்.
"இதில என்ர பேர் இருக்கே, மிஸ்?"

இல்லை என்றேன்.

"பறவாயில்லை.
எனக்குப் பாஸ்போட்டும் இல்லை."
பிறகு,
"கிறீஸ் முடிஞ்சுது. எழுதிப் போடுங்கோ."

கோரிக்கைப் படிவத்தை எடுத்தேன்.
பொருள்: கிறீஸ். அளவு: ஐந்து கிலோ.
யாருக்கு என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
எங்களுக்கு.