நாலாம் குடுவை

அவனியாபுரம் கண்மாயில்
முழங்கால் வரை இறங்கித்தான் எடுத்தேன் அந்தச் சேற்றை.
வெள்ளக்கல் குப்பைமேட்டைக் கழுவிக்கொண்டு
மழைக்கு வரும் கறுப்புத் தண்ணீர்
அங்கேதான் வந்து படுக்கும்.

ஆடு மேய்த்தவர் கரையிலிருந்து கேட்டார்:
"என்னம்மா, நகை எதுவும் விழுந்துருச்சா?"
ஆமாம் என்றேன். விளக்க நேரமில்லை.
துரட்டிக் கம்பால் துழாவி
அவரும் கொஞ்ச நேரம் தேடினார்.

புட்டியில் அடைத்துத் தேதி எழுதி
பெரியார் நிலையத்தில் பஸ் மாறி
நாகமலை வரை நின்றுகொண்டே போனேன்.
பக்கத்தில் நின்றவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.
என் பையைத்தான் பார்த்தாள், என்னை அல்ல.

அதற்குப் பிறகு பட்டினி போடுவதுதான் வேலை.
உப்பு உண்டு, தண்ணீர் உண்டு, சர்க்கரை கிடையாது.
தின்பதற்கு ஒன்றே ஒன்று,
நெகிழியை நெகிழ வைக்கும் அந்த எண்ணெய்.
நிறமில்லை. உற்று மோந்தால் புதுச்செருப்பு.
தாலேட் என்பார்கள்.
ஹோஸ் குழாய் வளைவது அதனால்,
ஷேர் ஆட்டோ சீட் மெத்தென்று இருப்பது அதனால்.
பிளாஸ்டிக்கோடு இருக்கும், ஆனால் ஒட்டாது,
வாடகைக்கு இருப்பவன் மாதிரி.
சித்திரை வெயில் ஏறினால் காலிசெய்துகொண்டு கிளம்பும்
மண்ணுக்கு, தண்ணீருக்கு,
கவரில் வரும் பாலுக்கு.

இதைத் தின், அல்லது செத்துப்போ.
சேற்றிலிருந்த அத்தனை உயிருக்கும்
நாங்கள் வைத்த பரீட்சை அவ்வளவுதான்.

பதினோரு குடுவை.
எட்டு நாள் ஆட்டியும் தெளிவாகவே கிடந்தன.
தெளிவு நல்ல வார்த்தை, வெளியே.
இங்கே அதற்குச் சாவு என்று பொருள்.

ஒன்பதாம் நாள் ராத்திரி கரண்ட் போய்
ஆட்டும் இயந்திரம் நின்றது.
குபேந்திரன் செல்போன் வெளிச்சத்தை அடித்தார்.
"நாலு கலங்கியிருக்கு."
அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் போல.
மேலே மிதந்த எண்ணெய்க் கண்களைக் காணோம்.

முதலில் இரண்டு கைகளையும் வெட்டும்.
பிறகு அசையாமல் நிற்கும் அந்த வளையத்தை
ஒரு பக்கம் நெகிழ்த்தி உடைக்கும்.
மிச்சமெல்லாம் மூச்சு.
வாய் கிடையாது, கோபம் கிடையாது,
குப்பை என்ற சொல்லும் அதற்குத் தெரியாது.

போன மாசம் ஒப்பீட்டுக்கு ஆள் தேவைப்பட்டது.
தம்பி இருளாண்டியைக் கூட்டிவந்தேன்.
கப்பலூரில் ஹோஸ் கம்பெனி, கலவைத் தொட்டியில் வேலை.
சிறுநீர்க் கப்பைக் கைக்குட்டையில் சுற்றி
யாரும் பார்க்காதபோது நீட்டினான்.
வரைபடத்தில் மற்றவர்களெல்லாம் வரப்பு உயரம்.
அவன் மட்டும் யானைமலை.
அவனிடம் "நார்மல்தான்டா" என்று சொல்லியிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி போன் போட்டேன்.
"கிடைச்சிருச்சுடா."
"என்ன திங்கும்?"
"நீ கலக்குறதைத்தான்."
சிரித்தான். என் எம்.எஸ்சி. ஃபீஸ் முழுக்க
அந்தத் தொட்டியிலிருந்து வந்ததுதான்.
"அப்ப அதுக்கும் நான்தான் சோறு போடுறேன்."

கொஞ்ச நேரம் கழித்து,
பின்னால் ஷிப்ட் மணி கேட்டது,
"எனக்குள்ள விட்டா வேலை செய்யுமாக்கா?"

நார்மல் என்றது அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

இல்லை என்றேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
முப்பது டிகிரி, திறந்த காற்று, அனுமதி,
இன்னும் பல வருஷம் என்று
எதையாவது சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி சேறெடுக்கப் போனேன்.
அதே மனிதர், அதே கம்பு.
"அன்னைக்கு விழுந்தது கிடைச்சதாம்மா?"
"கிடைச்சதுங்க."
"எத்தனை பவுன்?"
மில்லிக்குப் பத்துக் கோடி என்று வாய்வரை வந்தது.
"எடை போடலை" என்றேன்.

அவர் தலையாட்டினார்.
வெள்ளாடு ஒன்று முன்னங்கால் மடக்கி
அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.