அரணை புத்தி

ஹாமில்ட்டனுக்கு மேற்கே, மழையில் வழுக்கும் பாதையில்
ஒரு லூத்தரன் தேவாலயம். கூரை இல்லை.
கல்லறைகள் நாற்பத்தொன்று.
வருடத்துக்கு ஒருமுறை, தீக்காலத்துக்கு முன்,
கவுன்சில் காசுக்குப் புல் வெட்டப் போவேன்.

வேலிக்கு அப்பால் கனோலா, ஆடுகள், உர மூட்டை.
நூற்றைம்பது வருடமாக உழுத மண்.
உள்ளே மட்டும் ஏர் நுழையவில்லை.
பிணங்களின் மேல் உழ எவனுக்கும் துணிவில்லை.
அதனால்தான் கங்காருப் புல் இன்னும் நிற்கிறது,
போன வருடத் தண்டுகளோடு.
முர்னோங் மஞ்சளாய்ப் பூத்திருக்கிறது.
அதன் கிழங்கைத் தோண்டித் தின்றவர்களுக்கு
இங்கே ஒரு கல்லும் இல்லை.

ஜொஹன்னா லிண்ட்னர், வயது மூன்று, 1871.
பாதிப் பெயரைக் கற்பாசி தின்றுவிட்டது.
மீதிப் பெயரின் மேல் ஒரு நீலநாக்கு அரணை
வயிற்றைக் கல்லோடு ஒட்டி வெயில் காய்கிறது.
அரணை கடித்தால் மரணம் என்பார்கள்.
இங்கே இனிக் கடிக்க யார் மிச்சம்?

கயிற்றை இழுத்தேன். இயந்திரம் உறுமியது.
அது ஓடவில்லை. வாயைத் திறந்து
மை கொட்டிய நாக்கை நீட்டியது.
வாலருகே, ஒரு சாண் உயரத்தில்,
வெயில் ஏறினால் மட்டும் திறக்கும்
ஊதா ஆர்க்கிட் ஒன்று
அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது.

கடிக்க வந்து, வந்ததை மறந்து
திரும்பிவிடுமாம் அரணை.
நானும் திரும்பினேன்,
டாங்க் நிறையப் பெட்ரோலோடு.

நேரத்தாளில் காரணம் எழுத வேண்டும்.
கோலின் மக்கின்னஸுக்குப் புரிகிற மாதிரி
அரணை புத்திக்கு ஒரு சொல்
நாற்பது நிமிட ஓட்டத்தில் அகப்படவில்லை.
ஸ்பார்க் பிளக் என்று எழுதினேன்.