நூற்றுப் பதினேழு

லிங்கே படகுத்துறையில் வண்டிகள் இரண்டு வரிசை.
ஜூலை. முப்பது டிகிரி.
நார்வேயில் இதற்கே சட்டையைக் கழற்றிவிடுகிறார்கள்.

என் முழங்கால்களுக்கு முன்னே
இடம் ஒன்று வலம் ஒன்றாய்ச் சிலிண்டர்கள்,
மீன் செவுள்போல் அடுக்கடுக்காய்த் தகடுகள்.
காற்றை மட்டும் நம்பி வார்த்த எஞ்சின்.
என்னைவிட நான்கு வயது இளையது,
என்னைவிடக் குறைவாகத்தான் ஒழுகுகிறது.

பின்னால் ஒட்வார்.
திரும்பிப் பார்க்கத் தேவையில்லை:
அவன் வண்டியின் நெஞ்சில் ஆயில் கூலர்,
யாரோ குத்திவிட்ட பதக்கம்போல.
"உனக்கும் ஒன்று மாட்டியிருக்கலாம், சோல்ஃப்ரிட்."
இது பதினாறாவது முறை.
அதில் ஒன்பது, நாங்கள் மணமாகி இருந்தபோது.

நான் யோசிக்காமல் இல்லை.
போன குளிர்காலம், எண்ணெய் பார்க்கும் குச்சிக்குப் பதில்
தலையில் வெப்பமானி வைத்த குச்சி வாங்கினேன்.
கூடவே ஒரு குறிப்பேடு.
கடலடிச் சுரங்கத்தில் எழுபத்தொன்பது.
மழையில் வேலைக்குப் போனபோது எண்பத்து நான்கு.
வைக்கோல் டிராக்டரின் பின்னே
உருண்டுகொண்டே வந்த மாலை, நூற்றாறு.
ஒரு ஞாயிறு நூற்றிருபத்திரண்டு.
அது வண்டியின் சூடா என் சூடா என்று
இன்னும் தீர்மானமாகவில்லை.

மே மாதம்
அவன் வண்டிக்கு எண்ணெய் மாற்ற உதவிக்குப் போனேன்.
மூடியைத் திருகினால் அடியில் வெள்ளையாய்க் கொழகொழ,
இறால் ரொட்டியில் பிதுக்கும் மயோனெஸ் மாதிரி.
தண்ணீர்.
இரவெல்லாம் இரும்புக்குள் வியர்த்து
ஒருநாள் கொதித்து வெளியேறலாம் என்று
காத்திருந்த தண்ணீர்.
கூலர் அதைக் கொதிக்கவே விட்டதில்லை.

"ஒருதடவைகூடச் சூடானதில்லை," என்றான் பெருமையாக.

எனக்கு எங்கள் சமையலறை நினைவு வந்தது.
பதினோரு ஆண்டு.
ஒரு தட்டுகூட உடையவில்லை.

அவன் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று
சொல்ல மாட்டேன்.
ஆகஸ்டில் ஸ்பெயினுக்கு, பின்னால் ஆள் ஏற்றி,
நாளெல்லாம் நெடுஞ்சாலையில் விரட்டுகிறவர்கள் மாட்டட்டும்.
தெர்மோஸ்டாட்டோடு மாட்டட்டும்:
எப்போது திறக்க, எப்போது மூட என்று
தெரிந்த ஒரு கதவு வேண்டும் எதற்கும்.
நெரிசலில் நிற்கிறவனுக்கு அதுவும் உதவாது.
காற்று வராத இடத்தில்
கூலரும் இன்னொரு சூடான தகரம்.

படகு வந்தது.
அக்கரையில் இறங்கியதும் ஏற்றம்.
முன்னால் ஒரு ஜெர்மன் கேரவன்,
மணிக்கு இருபது, வளைவில் பன்னிரண்டு.
முதல் கியரில் முனகிக்கொண்டே போனேன்.
தொடைக்குள் வெப்பம் ஏறியது.
கிளட்ச் பிடித்த கை மரத்துப்போனது.
ஒட்வாரின் பதினாறு வாக்கியங்களும்
ஹெல்மெட்டுக்குள் வரிசையில் நின்றன.

உச்சியில் நிறுத்தி, மண்டியிட்டுப் பார்த்தேன்.
முள் நூற்றுப் பதினேழில்.
கெட்டியான எண்ணெய்தான் ஊற்றியிருக்கிறேன், தாங்கும்.
தாங்கும் என்று தெரிந்தும்
மூன்றுமுறை பார்த்தேன்.
சூடு கண்ட பூனைக்குக்
கணக்கு தெரிந்தால் மட்டும் போதுமா?

அவன் மெதுவாக வந்து பக்கத்தில் நிறுத்தினான்.
"எவ்வளவு?"
"நூற்றுப் பதினேழு."
"அதிகம்," என்றான். வழக்கமான அழுத்தம் இல்லை.

அப்போதுதான் கண்டேன்.
பதக்கத்தின் மேல் ஒரு பால் அட்டைப்பெட்டி,
கத்தரித்து, கறுப்பு டேப்பால் நாலு பக்கமும் ஒட்டி,
காற்றே புகாதபடி.

"எப்போதிலிருந்து?"

"மே," என்றான்,
கீழே ஃபியோர்டில் திரும்பும் கப்பலைப் பார்த்தபடி.

என் எஞ்சின்
டிக், டிக் என்று
தானாக ஆறத் தொடங்கியிருந்தது.